வாழையிலையை வெட்டியது

வெறுங்காலால் அதை மிதித்தால் முதலில் உள்ளங்காலில் ஒரு குளிர்ச்சி தெரியும், அப்புறம்தான் அது பட்டென்று வெடித்துப் பச்சைச் சாறு விரலிடுக்கில் ஏறும். விரல் நீளப் புழு. உடம்பு முழுக்கக் கோலமாவில் புரண்டதுபோல் வெள்ளைப்பொடி, தலை மட்டும் கன்னங்கரேல். பத்து வயதில் ஒரே காலையில் அப்படி எத்தனையை மிதித்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. பட்டாம்பூச்சி என்றதும் "ஐயோ, எவ்வளவு அழகு" என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது. அது பட்டாம்பூச்சியாகிறதுக்கு முன்னால் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது செய்த வேலைக்கு என் அண்ணன் அடிவாங்கினான்.

அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். கல்கத்தாவில் கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில், கப்பல் கட்டும் துறையின் சங்கொலி கேட்டு எழுந்து சங்கொலி கேட்டுச் சாப்பிடுகிற தூரத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளி, அப்பாவின் ஆபீஸ் பேச்சென்றால் இங்கிலீஷ். கொல்லையில் ஒரு வாழைக்கூட்டம் இருந்தது. ஊருக்குப் போயிருந்தபோது அப்பா ஒரு கன்றை ஈரச்சாக்கில் சுற்றி, இரண்டு ராத்திரி ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து நட்டு, அது பெருகியது. அக்கம்பக்கத்து வங்காளிகளுக்கு அதன் பூவும் தண்டும் வேண்டும். "மோச்சா" என்றும் "தோர்" என்றும் கேட்டு வாங்கிப்போவார்கள். எங்களுக்கு இலை வேண்டும். அந்த இலை அறுக்கிற வேலை மட்டும் என் அண்ணன் சண்முகத்தினுடையது, சின்ன அரிவாளோடு போய் ஒரு கீறல் விழாமல் நுனியிலை கொண்டுவருவான். குவார்ட்டர்ஸ் முழுவதும் அவனை "பாதா காட்டா சேலே", இலை வெட்டுகிற பையன், என்றுதான் சொல்லும்.

அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று. அந்த வருஷம் விஸ்வகர்மா பூஜையன்று, ஆகாயமெல்லாம் பட்டமாக இருந்த மத்தியானத்தில், காலனி துர்கா பூஜைக் கமிட்டியிலிருந்து பிமல் காக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். காக்கு என்றால் சித்தப்பா. நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். துர்கா பூஜையின் ஏழாம் நாள் விடியற்காலையில் ஒரு வாழைக்கன்றை ஆற்றில் குளிப்பாட்டி, சிவப்புக்கரை வெள்ளைச்சேலை கட்டி, முக்காடு போட்டுப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிற்கவைப்பார்கள். அதற்கு "கொலா பௌ", வாழைப்பெண், என்று பேர். பிள்ளையாரின் பெண்டாட்டி என்றே எல்லாரும் சொல்வார்கள், கேட்கும்போதெல்லாம் அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள், நம்மூர்ப் பிள்ளையார் பிரம்மச்சாரியாயிற்றே. அந்தக் கன்றை இந்த வருஷம் உங்கள் கொல்லையிலிருந்து கொடுங்கள் என்று கேட்கத்தான் காக்கு வந்திருந்தார். இலை கிழியாத, நேரான கன்று வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை வருஷமாகக் காலனி பூஜைக்குச் சந்தா கொடுத்து, பந்தலில் ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வருகிற மனுஷர் அவர். "மெட்ராஸி" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டு, வீட்டுக்கு வந்து தட்டை விட்டெறிகிறவர். இப்போது அவர்கள் அம்மன் பக்கத்தில் நிற்கப்போவது எங்கள் கன்று. ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். கொல்லைக்குப் போய், இருப்பதிலேயே லட்சணமான கன்றைப் பார்த்து, அதற்குக் கண்பட்டுவிடக்கூடாது என்று அம்மாவின் பழைய நூல்சேலையை நாலு மூங்கில் நட்டுக் கூடாரம்போல் சுற்றி, மேலேயும் மூடிக் கட்டினார். வேரில் தண்ணீர் ஊற்றலாம், சேலையை யாரும் விலக்கக்கூடாது என்று உத்தரவு. அதற்குள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில், வராந்தா பல்பைச் சுற்றி ஒரு பழுப்புப் பூச்சி வந்து முட்டும். இறக்கையில் மஞ்சள் புள்ளி, கண் இரண்டும் நெருப்புத்துண்டு மாதிரி சிவப்பு. பறக்கவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் துள்ளித் துள்ளிப் போகும். அம்மா அதற்குக் "கொள்ளிக்கண்ணன்" என்று பேர் வைத்திருந்தாள். வந்தால் துடைப்பத்தால் ஒரே அடி. அதுதான் வாழையிலையின் அடியில் முட்டையிடுகிறது, அதன் புழுதான் இலையின் ஓரத்திலிருந்து நடுநரம்புவரை நேராக வெட்டி, வெட்டிய துண்டைத் தன்மேல் சுருட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்கிறது என்பதெல்லாம் அன்றைக்கு யாருக்குத் தெரியும். பெரிய வாழைகளின் இலை உயரத்தில் காற்றில் கிழிந்து தொங்கும், அதை அண்ணாந்து பார்த்தவர் கிடையாது. கன்றையோ சேலையால் மூடியாயிற்று. குருவி, மைனா என்று புழு பொறுக்க வருகிறவைகூட உள்ளே போக வழியில்லை. கண்படாமல் இருக்கக் கட்டிய சேலைக்குள்ளே அந்தப் புழுக்கள் ராஜபோகமாக வளர்ந்தன.

நடுவில் மாளய அமாவாசை வந்தது. தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துப் படைக்க இலை வேண்டும். கன்றுப் பக்கம் போனால் காலை முறித்துவிடுவேன் என்று அப்பா எச்சரித்து அனுப்ப, அண்ணன் பெரிய வாழையில் ஏணி சாத்தி ஏறி இலை கொண்டுவந்தான். அதில் ஓரத்தில் லேசான கிழிசல் இருந்தது. இதுவா நுனியிலை என்று அப்பா முகத்தைச் சுளித்தார், வேறு நல்ல இலையே இல்லை என்றான் அண்ணன். அந்த ஒரு பேச்சுத்தான் பின்னால் அவனுக்கு வினையாக முடிந்தது.

பூஜையின் ஐந்தாம் நாள் மத்தியானம் பிமல் காக்குவும் கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் கன்றைப் பார்க்க வந்தார்கள். நாங்கள் மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு அம்மாளும் பிள்ளைகளும் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். அம்மா எல்லாருக்கும் சுண்டல் வைத்திருந்தாள். அப்பா வெள்ளைவேட்டி கட்டிக்கொண்டு, கல்யாணப் பெண்ணைக் காட்டுகிற தகப்பன் மாதிரி, சேலையை மெதுவாக அவிழ்த்தார்.

இலைகள் நாராகக் கிடந்தன. ஓரத்திலிருந்து நரம்புவரைக்கும் கத்திபோட்ட மாதிரி நேர்நேராக வெட்டு. வெட்டுப்பட்ட துண்டுகள் சுருண்டு சுருண்டு தொங்கின. வெட்டின இலை வாடிச் சுருண்டிருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். "இஷ், கே கேட்டேச்சே?" என்றார் பிமல் காக்கு. யார் வெட்டியது என்று கேட்டதில் கோபமே இல்லை, பரிதாபம்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டுவிட்டு, தன்னையறியாமல் அண்ணன் பக்கம் பார்த்தார். இலை வெட்டுகிற பையன் அவன்தானே.

அந்தப் பார்வையும், வேறு நல்ல இலையே இல்லை என்று அமாவாசையன்று அவன் சொன்னதும் சேர்ந்து அப்பாவுக்குப் போதும். அப்பா இரண்டே எட்டில் அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். முதல் அறையில் அவன் சுண்டல் பாத்திரத்தின்மேல் போய் விழுந்தான். எழுப்பி நிறுத்தி மறுபடி அறைந்தார். அப்புறம் கையில் அகப்பட்ட மூங்கிலைப் பிடுங்கினார், அது முறிகிறவரைக்கும் முதுகிலும் தொடையிலும் விளாசினார். என்னை விட்டுவிடுங்கள், நான் தொடவில்லை என்று அண்ணன் கத்துவது மதிலுக்கு அந்தப்புறம் கேட்டது. குறுக்கே விழுந்த அம்மாவுக்கும் இரண்டு அடி. பிமல் காக்கு ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்து, "சேடே தின் தாதா, பாச்சா சேலே" என்று கெஞ்சினார். விட்டுவிடுங்கள், சின்னப் பையன் என்கிறார் அவர். அப்பா உதறிய உதறலில் காக்குவின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியது. எவ்வளவுக்கு எவ்வளவு அவர்கள் தடுத்தார்களோ அவ்வளவுக்கு அவ்வளவு அப்பாவுக்கு வெறி ஏறியது, அவர்களுக்குக் காட்டத்தானே அத்தனை அடியும். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது, அப்பா செத்துப்போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

"பொழைக்க வந்த எடத்துல என் மானத்த வாங்கிட்டியேல" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். "சவத்து மூதி, சொல்லு, நீதான வெட்டுன?"

அண்ணன் தரையில் மண்டியிட்டு, வாயில் ரத்தத்தோடு, கடைசியில் சொல்லிவிட்டான்.

"ஆமா, நாந்தான் வெட்டுனேன். போதும்ப்பா."

சொன்னால் அடி நிற்கும் என்று நினைத்திருக்கிறான். நின்றது, ஆனால் அதற்கு முன்னால் இன்னும் ஒரு அறை விழுந்தது. உள்ளங்கையை விரித்து இடதுகாதோடு சேர்த்து விட்ட அறை. காதைப் பொத்திக்கொண்டு அப்படியே ஒருக்களித்துச் சாய்ந்தான், விரலிடுக்கில் மெல்லிசாக ரத்தம் கசிந்தது. கமிட்டிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் காதுவலி தாங்காமல் அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். அம்மா பூண்டு தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் காதில் விட்டாள். கிழிந்த காதில் எண்ணெய் விடக்கூடாது என்று அவளுக்கு யார் சொல்ல. ராத்திரி காய்ச்சல் கண்டு ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டதற்கு, கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றாள் அம்மா. அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுவே நிஜமாகிவிட்டது.

மறுநாள் காலை நான் கொல்லைக்குப் போனேன். கன்றின்மேல்தான் எனக்குக் கோபம். அதைப் பிடுங்கிப் போடப்போன இடத்தில், தொங்கிய சுருள் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கையெல்லாம் வெள்ளைப்பொடி. சுருள் விரிந்து, அதிலிருந்து கருந்தலைப் புழு ஒன்று என் பாதத்தில் விழுந்தது. அடுத்த சுருளில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்று. ஒரு சுருளின் உள்ளே பாதி வெட்டிய இலையில் ஒன்று வாய்வைத்து அறுத்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இலையை வெட்டிய கத்தி எது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இலையைப் புழுவோடு ஒடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அப்பா கண்ணாடிமுன் சவரம் செய்துகொண்டிருந்தார். இலையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, அண்ணன் வெட்டவில்லை, இதுதான் வெட்டியது என்றேன்.

பார்த்தார். கன்னத்தில் சோப்புநுரை காய்ந்துபோனது.

"அவனே ஒத்துக்கிட்டாம்லா" என்றார்.

அதைச் சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். கன்றை ஒரே வெட்டு. அதோடு நிற்கவில்லை, பெரிய வாழை, குலைதள்ளியது, தள்ளாதது என்று கூட்டம் முழுவதையும் வெட்டிச் சாய்த்தார். வாழைச்சாறு அவர் பனியனெல்லாம் தெறித்துக் கறையானது. கிழங்கைத் தோண்டி அதையும் கொத்தினார். சாய்ந்த இலைகளிலிருந்து புழுக்கள் கொட்டின. மதில் தாண்டிக் குதித்த பிள்ளைகளோடு நானும் சேர்ந்துகொண்டேன். செங்கல்லால் நசுக்கினார்கள், குச்சியால் குத்தினார்கள், நான் காலால் மிதித்தேன், கொல்லைத்தரை பச்சையாக வழுக்கியது. மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்து மாஷிமா, இதென்ன பூச்சியோ அம்மா, உங்கள் மெட்ராஸிலிருந்து அந்தக் கன்றோடு வந்திருக்கும் என்றாள். வேண்டுமென்று சொல்லவில்லை, பாவம். ஆனால் அப்பா அதைக் கேட்டு அரிவாளைக் கீழே போட்டார். அண்ணன் காதில் பஞ்சோடு ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேறு வீட்டுக் கன்றுக்குச் சேலை கட்டினார்கள், பூஜை நடந்தது. டாக் மேளம் காலனியையே அதிரவைத்தது. ஒரு பக்கம்தான் கேட்கிறது என்று அண்ணன் என்னிடம் சொன்னான். சீழ்பிடித்து, ஆறி, மறுபடி பிடித்து, அந்த இடதுகாது கடைசியில் சுத்தமாகப் போய்விட்டது. அவனை ரயில்வேயில் சேர்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஒரே ஆசை. பரீட்சை தேறினான், மெடிக்கலில் காது தேறவில்லை. அந்தக் கடுதாசி வந்த அன்றைக்கு அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அண்ணன் மெட்ராஸுக்குப் போய், ஒரு அச்சகத்தில் சேர்ந்து, இன்று சொந்தமாக நடத்துகிறான். யாரோடு நடந்தாலும் அவர்களை வலப்பக்கம் வரவைத்துக்கொள்வான். எப்போதாவது நான் கொதித்துப்போய் அந்தப் பேச்சை எடுத்தால், போகட்டும் விடு என்பான். எனக்கு விடத் தெரியாது.

நான் இப்போது ஜாதவ்பூரில் இருக்கிறேன். அம்மா போனபிறகு அப்பாவும் என்னோடுதான். எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கிறாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் தன் மொபைலில் ஒரு படத்தைக் காட்டினாள். பழுப்பு இறக்கை, மஞ்சள் புள்ளி, நெருப்புக்கண். அம்மாவின் கொள்ளிக்கண்ணனேதான். துள்ளித் துள்ளிப் பறப்பதால் இந்தக் குடும்பத்துக்கே ஸ்கிப்பர் என்று பேராம். இந்தியாவின் கிழக்கிலிருந்து தென்கிழக்காசியாவரை வாழை இருக்கிற திக்கிலெல்லாம் இருக்குமாம், ஆனால் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறுமாம்: பிலிப்பைன்ஸ் தீவுகளில் இருப்பது ஒரு துணையினம், அதற்கும் கிழக்கே தீவுகளில் வேறொன்று, நம் பக்கத்திலிருந்து மலேயா வழியாகப் போவது இன்னொன்று. இரட்டைப்பிள்ளை மாதிரி வேறொரு இனமும் உண்டாம், அறுத்துப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியுமாம். தமிழ்நாட்டில் உண்டா என்று கேட்டேன். இப்போதுதான் ஆன்ட்டி தெற்கே போயிருக்கிறது, அந்தக் காலத்தில் அங்கே இருந்ததாகத் தெரியவில்லை, இது இந்தக் கிழக்குப் பக்கத்துப் பூச்சி என்றாள்.

நாங்கள் கொண்டுவரவே இல்லை. எங்கள் ஊர்க்கன்றைத் தின்றது இந்த ஊர்ப்பூச்சி. மாஷிமாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது, சொல்வதற்கு மாஷிமா எங்கே. பிமல் காக்குவும் இல்லை. குவார்ட்டர்ஸை இடித்து வரிசையாக அடுக்குமாடி கட்டிவிட்டார்கள், எங்கள் கொல்லை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். இங்கே ஜாதவ்பூர் மார்க்கெட்டில் இலை வாங்கும்போது ஓரத்தில் வெட்டு இருந்தால் கடைக்காரன் கழித்துக்கொடுப்பான், ஏன் வெட்டு என்று அவனும் கேட்பதில்லை. சாயங்காலம் பல்பைச் சுற்றும் பூச்சியையும் நான் பார்த்து வருஷக்கணக்காயிற்று. அப்பாவிடம் மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவருக்கும் இப்போது காது மந்தம், அதனால் கத்தித்தான் சொன்னேன்: அந்தப் புழுவை நாம் கொண்டுவரவில்லை, அது இந்த ஊருடையது, யாரும் நம்மைக் குறைசொல்ல ஒன்றுமே இருந்திருக்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டார் அப்பா. அப்புறம் காப்பி கேட்டார்.

இந்த வருஷப் பூஜைக்கு அண்ணன் வந்தபோது, அப்பாவுக்குக் காதுக்கருவி வாங்கலாம் என்று மூன்று பேருமாக ஒரு காது டாக்டரிடம் போனோம். டாக்டர் அப்பாவின் காதில் கருவியைப் பொருத்தி, சரிபார்த்துக்கொண்டே, அண்ணன் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்பதைக் கவனித்துவிட்டார். உங்களுக்கு எப்படி ஆயிற்று என்று கேட்டார். அண்ணன் யோசிக்கக்கூட இல்லை. சின்ன வயதில் கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றான் வங்காளியில், அம்மா சொன்ன அதே வாக்கியம்.

புதுக்கருவியில் அது அப்பாவுக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. அவர் அண்ணனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். "நா, டாக்தார்பாபு" என்றார் தணிந்த குரலில். "ஆமி மேரேசிலாம். ஓ கிச்சு கொரே நி."

இல்லை, நான்தான் அடித்தேன், அவன் ஒன்றும் செய்யவில்லை என்று. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குப் பழைய ஆத்திரம் கிளம்பியது. அண்ணன் மட்டும் ஒன்றும் தெரியாமல் என்னைப் பார்த்து, அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டான். செத்த காதுப்பக்கம் சொன்னது அவனுக்கு எட்டவில்லை.

நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடாது என்று தோன்றியது. "அப்பா, எந்திரிங்க" என்றேன். "அந்தப் பக்கம் போயி அவன்கிட்ட சொல்லுங்க."

எண்பது வயதுக் கிழவரை ஏன் இப்படி விரட்டுகிறாய் என்று அண்ணன் என்னைக் கடிந்துகொண்டான். அப்பா எழுந்துவிட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்துப் பிடித்து அவனைச் சுற்றிவந்து, வலக்காதுப் பக்கம் குனிந்தார்.

"ஏல, நீ வெட்டல" என்றார்.

அண்ணன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அப்புறம், பதின்மூன்று வயதில் கத்தியும் எடுபடாததை, மெதுவாகச் சொன்னான்.

"ஆமாப்பா. நான் வெட்டல."